அடிப்பலகையில் எழுதிய பெயர்

மும்பை கோவண்டியில், சிவாஜி நகரை ஒட்டிய ஒரு சந்தில், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையொன்றின் அலமாரி மேல் ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கிறது. அதன் நீளம் ஒரு சாண். முன்ஃபோர்க் இயல்பை மீறி நீண்டு, முன்னோக்கிச் சரிந்திருக்கிறது. இருக்கைக்குப் பின்னால் உயரமான முதுகுக்கம்பி. சிறிய பெட்ரோல் டேங்கில் அமெரிக்கக் கொடியின் நட்சத்திரங்களும் கோடுகளும். முழுவதும் பிளாஸ்டிக். 1969இல் வெளியான 'ஈஸி ரைடர்' திரைப்படத்தில் பீட்டர் ஃபோண்டா ஓட்டிவரும் 'கேப்டன் அமெரிக்கா' வண்டியைப் பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருக்கிய மாதிரி அது.

அதைக் கட்டியவன் இருபத்திரண்டு வயது இளைஞன். இயந்திரவியலில் டிப்ளமா படித்தவன். அவனுடைய தாய், திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து மணமாகி மும்பைக்கு வந்தவர். பிளாஸ்டிக் தரம் பிரிக்கும் கொட்டகையில் இருபது ஆண்டுகளாக வேலை பார்ப்பவர். மாதிரியைக் கட்டி முடிக்க ஏழு மாதங்கள் ஆயின. அவற்றுள் கடைசி மாதத்தில் வண்டியில் ஒரு வேலையும் நடக்கவில்லை. வண்டியைத் தாங்கும் அடிப்பலகையில் யாருடைய பெயரை எழுதுவது என்ற கேள்வியிலேயே அந்த மாதம் கழிந்தது.

கோவண்டியை அறியாதவர்களுக்கு அந்த இடத்தைச் சற்றே சொல்ல வேண்டும். குர்லாவிலிருந்து செம்பூருக்கு 1906இல் போடப்பட்ட ஒற்றைத் தண்டவாளம் நகரத்தின் குப்பையை ஏற்றிச் செல்வதற்காகவே அமைந்தது. பயணிகளுக்கு அது திறக்கப்பட்டது 1924இல்தான். தேவ்னார் குப்பைமேடு 1927இலிருந்து இருந்துவருகிறது. 2016 ஜனவரியில் அந்த மேடு பற்றியெரிந்தபோது எழுந்த புகை விண்ணிலிருந்து எடுத்த செயற்கைக்கோள் படங்களிலும் தெரிந்தது. மேட்டை ஒட்டிய சிவாஜி நகர், பைகன்வாடி சந்துகளில் நகரம் எறிந்த பொருள்கள் வந்து சேர்கின்றன, பிரிக்கப்படுகின்றன, அரைக்கப்படுகின்றன, மூட்டையாகி வெளியேறுகின்றன. பழைய பொருளுக்கு இங்கே 'பங்கார்' என்று பெயர். விற்பனைக்குரிய எதுவாயினும் அது 'மால்'. தமிழ், இந்தி, மராத்தி என்று எந்த மொழி பேசுபவருக்கும் இந்த இரு சொற்கள் பொது.

அந்த இளைஞனுக்கு மாதிரி மோட்டார் சைக்கிள் கிடைத்ததும் பங்காராகத்தான். தெற்கு மும்பையின் சோர் பஜாரில், பெட்டியின் மூடி இல்லாமல், உதிரிகளில் ஏறத்தாழப் பாதி தொலைந்துபோன ஒரு பழைய ஜப்பானியக் கிட். எஞ்சின் இருந்தது, ஃபிரேம் இருந்தது, சக்கரங்கள் இருந்தன. முன்ஃபோர்க், ஹேண்டில்பார், டேங்க், சைலன்சர் எதுவும் இல்லை. கடைக்காரர் அதைப் பொம்மை என்று விற்றார். வாங்கியவன் அதை முடிக்கப்படாத ஒரு வேலை என்று கண்டான்.

பிளாஸ்டிக் மாதிரிக் கிட் என்ற பொருளுக்கு ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டு வரலாறு உண்டு. இங்கிலாந்தில் 1936இல் 'ஃப்ராக் பெங்குவின்' என்ற பெயரில் வந்த சிறு விமானங்கள் தொடக்க காலத்தவை. ஹங்கேரியிலிருந்து வந்த நிக்கோலஸ் கோவ் 1939இல் லண்டனில் தொடங்கிய 'ஏர்ஃபிக்ஸ்' முதலில் காற்றடைத்த பொம்மைகளும், பின்னர் சீப்புகளும் செய்த நிறுவனம். ஜப்பானின் ஷிஸுவோகா நகரத்து 'தாமியா' 1946இல் மரம் அறுக்கும் தொழிலாகத் தொடங்கி, மரத்தில் மாதிரிகள் செய்து, 1960இல் பிளாஸ்டிக்குக்கு மாறியது. சீப்புச் செய்தவர்களும் மரம் அறுத்தவர்களும் வந்து சேர்ந்த அந்தப் பொருள் பெரும்பாலும் பாலிஸ்டைரீன். சூட்டில் இளகி, எஃகு அச்சின் நுண்ணிய பள்ளங்களிலும் பாய்ந்து, ஆறியதும் விறைத்து நிற்கும் தன்மை அதற்கு உண்டு. ஓர் எஞ்சினின் குளிர்விப்புத் தகடுகளை நகத்தளவில் வார்த்தெடுக்க அது ஏற்றது.

ஆனால் அவனுக்கு வேண்டியது கிட்டிலிருந்த வண்டி அன்று, சாப்பர். வெட்டுதல் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் கனமான ஹார்லி டேவிட்சன் வண்டிகளை வாங்கியவர்கள், வேண்டாதவற்றை வெட்டியெறிந்து இலகுவாக்கினார்கள். பிறகு ஃபிரேமையே வெட்டத் தொடங்கினார்கள். ஹேண்டில்பார் பொருந்தும் கழுத்துக் குழாயை அறுத்து, கூடுதலான சரிவில் மீண்டும் பற்றவைத்து, நீளமான ஃபோர்க்கை மாட்டினார்கள். இதில் ஒரு வடிவியல் நுட்பம் உண்டு. கழுத்தின் சரிவை மாற்றாமல் ஃபோர்க்கை மட்டும் நீட்டினால் வண்டி முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். ஃபோர்க்கை நீட்டாமல் சரிவை மட்டும் கூட்டினால் முன்பக்கம் தாழ்ந்துவிடும். இரண்டையும் ஒன்றுக்கொன்று ஈடாகச் செய்தால்தான் ஃபிரேம் தரைக்கு இணையாக நிற்கும். மாதிரியிலும் இதே கணக்குத்தான். பன்னிரண்டில் ஒரு பங்கு என்பது அடியை அங்குலமாக்கும் அளவு. ஆறடி மனிதன் ஆறு அங்குலமாவான். சாப்பர்களில் வழக்கமான 21 அங்குல முன்சக்கரம் 44 மில்லிமீட்டராகும். பெயின்ட் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனத்துக்குப் படிந்தாலும், பெரிய வண்டியில் அது 1.2 மில்லிமீட்டர் கனத்துப் பூச்சுக்குச் சமம். அளவு சுருங்கும்போது பிழை பெருகுகிறது.

உண்மையான வண்டியையே இப்படி மாற்றலாமே என்று கேட்பவருக்கு விடை சட்டத்தில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளரின் விவரங்களிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தித் தீர்ப்பளித்தது. கழுத்தை அறுத்து மீண்டும் பற்றவைத்த வண்டி இந்தியச் சாலையில் ஓடுவது கடினம். அலமாரி மேல் நிற்கும் வண்டிக்கு எந்த அலுவலகத்தின் ஒப்புதலும் வேண்டியதில்லை. மேலும், அவனிடம் ஓடும் வண்டி ஒன்றும் இல்லை.

தொலைந்த உதிரிகளை அவன் செய்தே தீர வேண்டியிருந்தது. முதல் முயற்சி ஃபோர்க். பால்பாயிண்ட் பேனாவின் ரீஃபில் குழாய் மிகச் சரியான கனத்தில் இருந்தது. அளந்து வெட்டி, பசை தடவி, இரவு முழுவதும் காயவைத்தான். காலையில் தொட்டதும் கழன்றது. மறுபடியும் ஒட்டினான், மறுபடியும் கழன்றது. மூன்றாம் நாள் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த தாய் ரீஃபிலை வாங்கி, இரு விரல்களில் மடக்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

"எலே, இது மிதக்குற மாலு. இது எப்படி ஒட்டும்?"

அந்த ஒரு வரியில் பாலிமர் வேதியியலின் ஒரு பாடம் அடங்கியிருந்தது. கொட்டகையில் பிளாஸ்டிக்கைப் பிரிக்கும் வழிகளில் ஒன்று தண்ணீர்த் தொட்டி. பாலிபுரொப்பிலீன், பாலித்தீன் ஆகியவை நீரைவிட அடர்த்தி குறைந்தவை, மிதக்கும். பாலிஸ்டைரீனின் அடர்த்தி ஏறத்தாழ 1.05, நல்ல நீரில் மூழ்கும், உப்பை அள்ளிப்போட்டுக் கரைத்தால் மேலே வரும். பிவிசியும் தண்ணீர்ப் பாட்டில் செய்யும் பெட்டும் இன்னும் கனமானவை. உப்புநீரிலும் அடியில் கிடக்கும். மாதிரி கட்டுபவர்களின் பசை உண்மையில் பசையே அன்று. அது ஒரு கரைப்பான். பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைச் சற்றே கரைத்து, இரண்டு துண்டுகளின் மூலக்கூறுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பின்னவிட்டு, ஆவியாகிப் போகிறது. மிதக்கும் இரண்டு வகைகளும் அறை வெப்பத்தில் அந்தக் கரைப்பானுக்கு இளகுவதில்லை. ஆகவே அவை ஒட்டுவதில்லை. கொட்டகையில் எவரும் கரைப்பானைப் பற்றிப் பேசுவதில்லை. எது எதனோடு சேராது என்பது மட்டும் அங்கே தெரியும்; கலந்துவிட்ட மூட்டைக்கு விலை இறங்கும் என்பதால் தெரியும்.

அன்று முதல் தாய் அவனுக்குப் பொருள் தேர்ந்து தந்தார். சிடி வைத்து விற்ற தெளிந்த பெட்டிகள் கெட்டியான பாலிஸ்டைரீன். தட்டையான துண்டுகளுக்கு ஆகும். ஒருவகை வெள்ளை ஐஸ்கிரீம் கிண்ணம் அதே இனத்தின் இளகிய வகை. மெல்லிய தகடாக வளையும். சில பேனாக்களின் ஒளி ஊடுருவும் உடல் பகுதி ஃபோர்க் குழாய்க்குச் சரியாக அமைந்தது. ஏபிஎஸ் என்னும் இன்னொரு வகை அடர்த்தியில் இதற்கு மிக நெருங்கியது. தண்ணீர்த் தொட்டியால் இவற்றைப் பிரிக்க இயலாது. அவர் அவற்றைத் தரையில் போட்டுக் காட்டினார். பாலிஸ்டைரீன் கணீரென்று, ஏறக்குறைய உலோகம்போல ஒலித்தது. மற்றது மழுங்கலாக விழுந்தது. ஐயம் இருந்தால் ஓரத்தைக் கொளுத்தி முகர்வார்கள். கரும்புகையும் ஒருவித இனிப்பு வாடையும் வந்தால் பாலிஸ்டைரீன். அந்த வாடையை இருபது ஆண்டுகளாக முகர்ந்தவர் என்பதால், தின்னரில் பிளாஸ்டிக் துண்டுகளைக் கரைத்துக் குழம்பாக்கி இடைவெளிகளை அடைக்கும் வேலையை வீட்டுக்குள் செய்யக் கூடாது என்று அவர் தடுத்துவிட்டார். அந்த வேலை சந்தில், காற்று வீசும் மாலையில், நடந்தது.

கிட்டின் உதிரிகளைத் தாங்கிவரும் பிளாஸ்டிக் சட்டகத்துக்கு வார்ப்புத் தொழிலில் 'ரன்னர்' என்று பெயர். உருகிய பிளாஸ்டிக் உதிரிகளை நோக்கிப் பாய்ந்த பாதை அது. பொருளைப் பிரித்த பின் அது கழிவு. கொட்டகைக்கு மூட்டை மூட்டையாக வருவதில் அதுவும் ஒன்று. அந்தக் கழிவிலிருந்தே சக்கரக் கம்பிகள் பிறந்தன. ரன்னரின் ஒரு துண்டை மெழுகுவத்திச் சுடருக்கு மேலே சுழற்றிச் சூடாக்கி, நடுப்பகுதி துவளும் கணத்தில் இரு கைகளாலும் சீராக இழுத்தால் முடியளவு மெல்லிய இழை கிடைக்கும். விரைந்து இழுத்தால் மெலியும். மெதுவாக இழுத்தால் தடிக்கும். ஒரு சக்கரத்துக்கு 40 கம்பிகள். இரண்டு சக்கரங்களுக்கு 80. தேறியவை 80 என்றால் எறிந்தவை அதனினும் மிகுதி.

குரோமியப் பளபளப்புக்குச் சாக்லேட் சுற்றிவந்த அலுமினியத் தாள். டேங்கின் கோடுகளுக்கு மெல்லிய ஒட்டுநாடாவை நீள நீளமாக அரிந்து மறைப்பு. வளைந்த பரப்பில் நேர்கோடு நேராகத் தெரிய வேண்டுமானால், அதை நேராக ஒட்டக் கூடாது என்பதை நான்கு முறை அழித்த பின் கற்றான்.

இவற்றையெல்லாம்விட நேரம் தின்றது வேறொரு வேலை. அச்சில் வார்த்த எந்த உதிரியிலும் மூன்று தழும்புகள் இருக்கும். அச்சின் இரு பாதிகள் சந்தித்த இடத்தில் ஒரு மெல்லிய வரம்பு. உதிரியை அச்சிலிருந்து தள்ளிய ஊசிகளின் வட்டத் தடம். ரன்னரிலிருந்து அறுத்த இடத்தில் ஒரு முளை. மாதிரி கட்டுபவரின் முதற்கடமை இந்தத் தழும்புகளை நீக்குவது. உப்புத்தாளை 400, 800, 1200 என்று படிப்படியாக மென்மையாக்கித் தேய்த்துத் தேய்த்து, இப்பொருள் எங்கோ ஓர் இயந்திரத்தில் ஒருவர் நின்று வார்த்தெடுத்தது என்ற சுவடே இல்லாமல் செய்ய வேண்டும். நல்ல மாதிரி என்பதன் இலக்கணமே செய்த தடம் தெரியாதிருப்பது. அவன் இதை ஐந்து மாதங்கள் கேள்வியின்றிச் செய்தான்.

கேள்வி எழுந்தது கழுத்தின் சரிவை அளக்கப் போனபோது. எத்தனை பாகை என்று தெரியாமல் ஃபிரேமை அறுக்க இயலாது. படங்களைத் தேடினான். ஒவ்வொரு படத்திலும் சரிவு சற்றே வேறுபட்டது. காரணம் பிறகு புரிந்தது. அவன் பார்த்தவற்றுள் பல, பிற்காலத்தில் செய்த நகல்கள். படத்துக்காகக் கட்டிய சாப்பர்கள் நான்கு: ஃபோண்டாவின் வண்டி இரண்டு, டென்னிஸ் ஹாப்பரின் வண்டி இரண்டு. படம் வெளியாகும் முன்பே அவற்றுள் மூன்று களவுபோயின. எஞ்சிய ஒன்று இறுதிக் காட்சியில் நொறுங்கியது. பின்னர் மீண்டும் கட்டப்பட்டது. 2014இல் அந்த வண்டி என்ற பெயரில் ஒன்று அமெரிக்காவில் 13.5 லட்சம் டாலருக்கு ஏலம் கேட்கப்பட்டது. அதுதான் அசலா என்ற சர்ச்சையும் உடனே கிளம்பியது. கையில் எடுத்து அளக்க ஐயமற்ற அசல் எதுவும் எஞ்சவில்லை.

அசல் வண்டியைத் தேடியவன் அதைச் செய்தவர்களிடம் வந்து சேர்ந்தான். வடிவமைத்து வேலையை ஒருங்கிணைத்தவர் கிளிஃபர்ட் வாஸ். கட்டியவர் பென் ஹார்டி. இருவரும் கறுப்பினத்தவர். ஹார்டி லாஸ் ஏஞ்சலஸின் தென்பகுதியில் பட்டறை வைத்திருந்தவர். அந்த வட்டாரத்துச் சாப்பர் ஓட்டிகள் மதித்த கைவினைஞர். வாஸ், வன்முறையற்ற மாணவர் ஒருங்கிணைப்புக் குழுவில் இயங்கிய குடியுரிமைப் போராளி, புகைப்படக்காரர். 1964இல் மேரிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் தேசியக் காவற்படையினர் அவரைப் பிடித்திழுக்கும் காட்சியை டேனி லயன் எடுத்த புகைப்படம் அப்போராட்டத்தின் ஆவணங்களில் ஒன்று. காவல்துறை பயன்படுத்திக் கழித்த ஹார்லி வண்டிகளை ஏலத்தில் வாங்கி, அவற்றை வெட்டித்தான் அந்தச் சாப்பர்கள் கட்டப்பட்டன. வாஸ் படப்பிடிப்பின் தொடக்கத்திலேயே நீக்கப்பட்டார். படத்தின் பெயர்ப் பட்டியலில் இருவர் பெயரும் இல்லை. உலகில் மிகுதியாக அறியப்பட்ட மோட்டார் சைக்கிள்களுள் ஒன்று, நெடுங்காலம் ஓட்டிய நடிகரின் பெயராலேயே அறியப்பட்டது. ஹார்டி 1994இல் மறைந்தார். செய்தவர்களின் கதை பரவலாக எழுதப்பட்டது 2014ஐ ஒட்டித்தான். வாஸ் அதைக் காண உயிரோடிருந்தார், 2016இல் மறைந்தார்.

இதைப் படித்த இரவில் அவன் உப்புத்தாளைக் கீழே வைத்தான். அடிப்பலகையின் வரைபடத்தில் 'கேப்டன் அமெரிக்கா, ஈஸி ரைடர், 1969' என்று மட்டுமே எழுதியிருந்தது. அந்த வரி அவனுக்குப் போதாததாயிற்று. ஹார்டி, வாஸ் பெயர்களைச் சேர்த்தான். சேர்த்ததும் அடுத்த கேள்வி வந்தது. இந்த மாதிரியின் ஃபோர்க்கும் டேங்கும் முதுகுக்கம்பியும் எந்தப் பொருளால் ஆனவை? அந்தப் பொருளை இனங்கண்டது யார்? தாயின் பெயரும் அங்கே இருக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது.

தமிழ் மரபுக்கு இந்தக் கேள்வி புதிதன்று. 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு, குஞ்சரமல்லன் இராஜராஜப் பெருந்தச்சன் என்று கட்டியவரின் பெயரைச் சொல்கிறது. ஆடல்மகளிர் நானூற்றுவரின் பெயர்கள்கூட அவர்கள் இருந்த தெருவும் வீடும் குறித்துச் செதுக்கப்பட்டுள்ளன. கல் சுமந்தவர்களின் பெயர்கள் அவ்வாறு செதுக்கப்படவில்லை. சங்கத் தொகை நூல்களைத் தொகுத்தவர்கள், இயற்பெயர் தெரியாத புலவருக்கு அவர் ஆக்கிய தொடரையே பெயராக்கினார்கள்; செம்புலப்பெயனீரார் அவ்வாறு பெயர் பெற்றவர். பெயர் மறைந்தாலும் செய்கையிலிருந்து செய்தவரை மீட்க முடியும் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. ஆனால் அதற்குச் செய்கையில் செய்தவரின் தடம் இருந்தாக வேண்டும். தரம் பிரிக்கும் வேலையோ தடமே விடாதது. நன்றாகப் பிரித்த மூட்டை என்பது வேறெதுவும் கலவாத மூட்டை; பிரித்தவரின் திறமை அங்கே இல்லாத ஒன்றாக, கலப்பின்மையாக மட்டுமே இருக்கிறது.

ஆய்வுலகத்தைச் சேர்ந்தவர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். கோவண்டியும் அதை உள்ளடக்கிய எம் கிழக்கு வார்டும் மும்பையில் மிகுதியாக ஆராயப்பட்ட பகுதிகளுள் அடங்கும். அந்தச் சந்துகளுக்குக் கணக்கெடுப்புத் தாளோடு வருபவர்கள் குறைவில்லை. அந்தத் தாயும் இரண்டு முறை கேள்விகளுக்கு விடை சொல்லியிருக்கிறார். வந்தவர்கள் எந்தக் கல்லூரி என்பது அவருக்கு நினைவில்லை. எங்கோ ஓர் அட்டவணையில் அவர் ஓர் எண்ணாக இருக்கக்கூடும். அது பிழையன்று. தகவல் தந்தவரின் பெயரை மறைப்பது ஆய்வறம். அவருக்குத் தீங்கு நேராமல் காப்பதற்கான ஏற்பாடு. ஹார்டியின் பெயர் மறைந்ததும் தகவலாளியின் பெயர் மறைவதும் ஒன்றல்ல. முன்னது பறித்தல்; பின்னது காத்தல். ஆயினும் வெளியிலிருந்து பார்க்கையில் இரண்டும் ஒரே வெற்றிடமாகத் தெரிகின்றன. அவற்றைப் பிரித்தறியும் உரைகல் ஒன்றே: பெயரை வைப்பதா மறைப்பதா என்று முடிவுசெய்தவர் யார்?

இளைஞன் இதை இப்படிச் சிந்திக்கவில்லை. அவன் நேராகத் தாயிடமே கேட்டான். மாதிரியைப் புகைப்படமெடுத்து வெளியிடப் போவதாகவும், வாய்ப்புக் கிடைத்தால் கண்காட்சிக்கு அனுப்பப் போவதாகவும், அடிப்பலகையில் அவர் பெயரை எழுதப் போவதாகவும் சொன்னான். தாய் மகிழ்வார் என்று எதிர்பார்த்தான். அவர் முகம் மாறியது.

"என் பேர எதுக்கு எழுதுத? சேட்டு பாத்தா, மாலு எங்கருந்து வந்துச்சுன்னு கேப்பாரு. நா என்ன சொல்லுவேன்?"

அவனுக்கு விடை இல்லை. கைப்பிடியளவு கிண்ணமும் நாலைந்து சிடி பெட்டியும் கொட்டகையின் எடைக்கணக்கில் ஒன்றுமில்லை. ஆனால் மாலுக்கு விலை உண்டு. அது முதலாளியின் மால். நாட்கூலிக்கு வேலை பார்ப்பவருக்கு எழுத்தில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. 'பொருள் தேர்ந்து தந்தவர்' என்று மகன் பெருமையோடு எழுதும் வரியை, இன்னொருவர் திருட்டின் ஒப்புதலாகப் படிக்க முடியும். ஹார்டியின் பெயரை எழுதாமல் விட்டது அநீதி. தாயின் பெயரை எழுதினால் அவருடைய வேலை போகலாம். ஒரே பலகையில் அடுத்தடுத்து வரவேண்டிய இரண்டு பெயர்களுக்கு ஒரே நீதியைச் செலுத்த இயலவில்லை.

ஒரு மாதம் அலமாரி மேல் வண்டி பலகையின்றி நின்றது. ஒட்டாமல் நின்றதால் இருமுறை சாய்ந்தது; ஒருமுறை ஹேண்டில்பார் ஒடிந்தது. அவன் அதைச் சரிசெய்தான். தாய் அதைப் பற்றிப் பேசவில்லை. தூசி தட்டும்போது மட்டும் வண்டியைச் சுற்றித் தட்டினார், வண்டியைத் தொடவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரிசி களைந்துகொண்டே அவராகவே சொன்னார்.

"மேல போடாத. அடியில போடு. திருப்பிப் பாக்குறவன் பாக்கட்டும்."

அவ்வாறே ஆயிற்று. பலகையின் மேற்புறத்தில் இப்போது நான்கு வரிகள் உள்ளன. வண்டியின் பெயரும் ஆண்டும் முதல் வரி. 'வடிவமைப்பு: கிளிஃபர்ட் வாஸ்' இரண்டாவது. 'கட்டுமானம்: பென் ஹார்டி, லாஸ் ஏஞ்சலஸ்' மூன்றாவது. நான்காவதாக அளவும் இளைஞனின் பெயரும். நடிகரின் பெயர் இல்லை. அதைச் சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும் என்று அவன் கருதினான். பின்ஃபோர்க்கின் உட்புறத்தில் அச்சின் வரம்பு ஒன்றைத் தேய்க்காமல் விட்டிருக்கிறான். மாதிரி கட்டுபவர்கள் யாரேனும் கண்டால் அதைக் குறையென்பார்கள்.

பலகையின் அடியில் ஒரு பெயர் மட்டும் இருக்கிறது. அதிலும் ஒரு திருத்தம் நடந்தது. அவன் முதலில் ஆதார் அட்டையில் உள்ளபடி எழுதினான். மும்பையின் அலுவலகங்களில் தமிழ்ப் பெயர்கள் மராத்தி எழுத்துக்கும் ஆங்கில எழுத்துக்கும் போய்த் திரும்பும்போது ழகரமும் ளகரமும் தேய்ந்துவிடுவது வழக்கம். அவருடைய பெயருக்கும் அது நேர்ந்திருந்தது. இருபது ஆண்டுகளாக ரேஷன் கடையிலும் மருத்துவமனையிலும் அந்தப் பெயருக்குத்தான் அவர் எழுந்து போய்க்கொண்டிருந்தார். பலகையைக் கையில் வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தவர், அதைத் திருப்பிக் கொடுத்தார்.

"இது ஆதார்ல உள்ள பேரு. ஊர்ல கூப்புடுற மாதிரி எழுது."

அவன் உப்புத்தாளை எடுத்து அந்த ஓர் எழுத்தைத் தேய்த்து அழித்தான். பின்பு சரியான எழுத்தை எழுதினான்.